கையில் கொடுக்க வேண்டியது

“இறங்குங்கோ,” என்றாள் துர்க்கா.

கனகசிங்கம் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தபடி முன்கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். மாணவர் விடுதியின் வாசலில் பதினொரு பிள்ளைகள் முதுகுப் பைகளோடு நின்றார்கள். சனிக்கிழமை காலை எட்டரை மணி. மே பிறந்தும் மோர்னிங்சைட்டில் குளிர் விடவில்லை.

“நான் இறங்கினா வானை ஆர் ஓடுறது? நீரோ?”

“ஜதுர்சன் எண்டு ஒரு ஆள் வாறார் எண்டுதான் எனக்கு ஈமெயில் வந்தது.”

“ஜதுர்சனுக்குச் சுகமில்லை.”

“பொய்.”

பொய்தான். ஜதுர்சன் இந்நேரம் வீட்டில் போர்வைக்குள் கிடப்பான். வியாழக்கிழமை வான் கொம்பனியின் அட்டவணையில், கல்லூரிப் பயணத்துக்கான தொடர்பாளர் என்ற இடத்தில், துர்க்கா ஸ்ரீதரன் என்ற பெயரைக் கனகசிங்கம் கண்டார். அன்று பின்னேரமே ஜதுர்சனைப் பிடித்து அவனுடைய சனிக்கிழமையைத் தான் எடுத்துக்கொண்டார். ஏன் என்று அவன் கேட்கவில்லை. சனிக்கிழமை காலையில் எழும்பத் தேவையில்லை என்றால் அவன் எதையும் கேட்கமாட்டான்.

துர்க்கா கைபேசியை எடுத்துக் கொம்பனி முதலாளி சண்முகநாதனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பத்து மணிக்கு முன்னால் சண்முகநாதன் போன் எடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

“அடியும், அடியும்,” என்றார் கனகசிங்கம். “உந்தப் பிள்ளையள் குளிருக்குள்ளை நிக்கட்டும்.”

அவள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பக்கக் கதவை இழுத்துத் திறந்து, சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் எல்லாரையும் ஏறச் சொன்னாள். சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு அவர் பக்கம் குனிந்து தமிழில் சொன்னாள்.

“நீங்கள் டிரைவர். ரோட்டைப் பாத்து ஓடினாக் காணும். என்னோடை கதைக்க வேண்டாம்.”

கதைக்காமல் முடியாது. கதவுப் பையில், தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில், ஒரு பழுப்பு உறை இருந்தது. அதை அவளுடைய கையில் கொடுப்பதற்காகத்தான் அவர் வந்திருந்தார்.

இரண்டு வருடங்களுக்கு முந்தின ஜூன் மாதத்தில் அவருடைய மகன் டிலக்சனுக்கும் துர்க்காவுக்கும் கலியாண எழுத்து நடந்தது. பதிவுக்காரர் வந்தார், இரண்டு பேரும் கையெழுத்து வைத்தார்கள், நாற்பது பேர் பலகாரம் சாப்பிட்டார்கள். கனடாச் சட்டப்படி அன்று பகல் பன்னிரண்டு மணியிலிருந்து இருவரும் கணவன் மனைவி. இரண்டு வீட்டாரின் எண்ணத்தில் இன்னும் இல்லை. தாலி ஏறும்வரை பெண் பெண்வீட்டில். ரொறொன்ரோவில் நம்மவர்கள் எல்லாரும் செய்வதுதான் இது. முதலில் எழுத்தை முடித்து வைப்பார்கள். பிறகு மண்டபம் கிடைக்கிற நாளில் கலியாணம். நடுவில் குழம்பினால் என்ன செய்வது என்று பலகாரம் சாப்பிடுகிறவர்கள் யோசிப்பதில்லை.

குழம்பியது. நடக்காத கலியாணத்துக்கு நீதிமன்றத்தில் விவாகரத்து எடுக்க வேண்டி வந்தது. இப்போது டிலக்சனுக்கு மொன்றியலில் நிரோஷினி என்று ஒரு பெண் பார்த்து, செப்டெம்பருக்கு நாளும் வைத்தாயிற்று. விண்ணப்பத்தைத் துர்க்காவின் கையில் கொடுக்க வேண்டும். மகன் கொடுக்கக்கூடாது. வேறு ஆள் கொடுத்து, கொடுத்தேன் என்று சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைக்கவேண்டும். இரண்டு தரம் ஒரு ஆள் யூனியன்வில்லில் அவளுடைய தகப்பன் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்தான். அவள் இப்போது அங்கே இல்லை, எங்கே என்று சொல்லமாட்டோம் என்று ஸ்ரீதரன் கதவைச் சாத்தினார். இந்த மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் செப்டெம்பரை மறக்க வேண்டியதுதான் என்று கடதாசி வேலை பார்க்கிற மிதுனன் சொல்லியிருந்தான்.

பின்கண்ணாடியில் துர்க்கா பிள்ளைகளை எண்ணுவது தெரிந்தது. ஹருகா என்ற ஜப்பான்காரப் பெண் மட்டும் முன் இருக்கையில் வந்து ஏறினாள். பின்னால் இருந்தால் அவளுக்குத் தலை சுற்றுமாம். கனகசிங்கத்துக்கு ஒருமுறை குனிந்து வணக்கம் சொன்னாள், இருக்கைப் பட்டியைப் போட்டாள், கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

*

முதல் இடம் ஸ்காபரோ பிளஃப்ஸ். ஏரியின் கரையில் செங்குத்தாக நிற்கும் வெளிறிய களிமண் மலை. பரிமாற்ற மாணவர்கள் ஒரு பருவம் படிக்க வந்தவர்கள். இன்னும் இரண்டு கிழமையில் ஊருக்குத் திரும்புகிறவர்கள். கனகசிங்கம் முப்பத்தைந்து வருடங்கள் இங்கே இருந்து இந்த இடத்தை இரண்டு தரம்தான் பார்த்திருந்தார். வந்த புதிதில் வெதுப்பகத்தில் இரவு வேலை. பிறகு பதினெட்டு வருடங்கள் விமான நிலையத்தில் லிமோ வாடகைக் கார். முழங்கால் விட்டுப்போன பிறகு இந்த வான். ஊர் பார்க்க வந்தவர்களை ஏற்றி இறக்குகிறவனுக்கு ஊர் பார்க்கிற வேலை கிடையாது.

வாகனத் தரிப்பிடத்தில் எல்லாரும் இறங்கியதும் உறையை எடுத்துக்கொண்டு அவரும் இறங்கினார். துர்க்கா கண்டுவிட்டாள். இரண்டு கைகளையும் ஜாக்கெட்டின் பைகளுக்குள் விட்டாள்.

“பிடியும்,” என்றார்.

“மாட்டன்.”

“சின்னப்பிள்ளை விளையாட்டு விளையாடாதையும். உமக்கும் நல்லதுதானே. நீரும் இன்னொரு இடத்திலை...”

“என்ர இன்னொரு இடத்தை நான் பாப்பன். நீங்கள் ஜதுர்சனைக் கிடக்க விட்டிட்டு வந்தது இதுக்குத்தானே? நினைச்சனான்.”

“வீட்டை வந்தா ஒளிக்கிறீர். போனை எடுக்கிறேல்லை. வேறென்ன செய்யிறது?”

“ஒளிக்கிறனோ? ஆரைக் கண்டு? உங்களையோ?” என்று சிரித்தாள். “உதை நிலத்திலை வையுங்கோ பாப்பம். காத்து கொண்டுபோய் ஏரிக்குள்ளை போடும்.”

காற்று அப்படித்தான் அடித்தது. அவர் உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

தண்ணீர்க்கரையில் நின்று பிள்ளைகள் கூப்பிட்டார்கள். எல்லாரும் சேர்ந்த படம் எடுக்கவேண்டும், டிரைவர் எடுப்பாரா? தியாகோ என்ற பிரேசில் பெடியன் ஓடிவந்து தன் கைபேசியை அவரிடம் நீட்டினான். மறுக்க வழியில்லை. உறையைக் கமக்கட்டில் செருகிக்கொண்டு கைபேசியை வாங்கினார்.

பதினொரு பேரும் மலையைப் பின்னால் வைத்து வரிசையாக நின்றார்கள். துர்க்காவையும் நடுவுக்கு இழுத்துக்கொண்டார்கள். தியாகோ ஒரு கையை ஹருகாவின் தோளிலும் மற்றக் கையைத் துர்க்காவின் தோளிலும் போட்டான். அதைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்காள் தோளில் கை போட்டார்கள். எந்தக் கை யாருடையது என்று தெரியவில்லை.

துர்க்கா கைபேசியைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள்.

“எடுங்கோ,” என்றாள், பல் தெரியச் சிரித்தபடி. “ஆரின்ர கை எண்டு வடிவாத் தெரியோணும். உங்கட வீட்டிலை இருக்கிற அன்ரிக்கு அனுப்பலாம். அவ பிக்கரிங் முழுக்க அனுப்புவா.”

பிள்ளைகள் தங்களுக்குத்தான் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்து அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். கனகசிங்கம் அழுத்தினார். படத்தில் எல்லாரும் சிரித்தபடி விழுந்தார்கள்.

எழுத்து முடிந்த மூன்றாம் மாதம் துர்க்கா ஜப்பானுக்குப் போனாள். அவளும் பரிமாற்ற மாணவிதான். மேற்படிப்பின் கடைசிப் பகுதி, நான்கு மாதம். அங்கே கூடப் படித்தவர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாரா என்ற ஊரைச் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறாள். கோயில், மான்கள், மானுக்குப் போடுகிற பிஸ்கட். அங்கே எடுத்த ஒரு படம் எப்படியோ பிக்கரிங்கில் இருக்கும் ஒரு சொந்தக்காரிக்குப் போய், அங்கிருந்து கனகசிங்கத்தின் மனைவி தங்கேஸ்வரியின் கைபேசிக்கு வந்தது. துர்க்காவின் தோளில் உயரமான ஒரு வெள்ளைக்காரப் பெடியனின் கை. தங்கேஸ்வரி படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். டிலக்சன் போனில் கேட்டான். துர்க்கா போனிலேயே ஏசினாள். அவள் ஏசியதைத்தான் டிலக்சனால் பொறுக்க முடியவில்லை. பெப்ரவரியில் எல்லாம் முடிந்தது. கலியாணத்துக்கு ஏப்ரலில் பிடித்து வைத்த மண்டபத்தை வேறு ஆட்களுக்கு விட்டார்கள்.

வானுக்குத் திரும்பும் வழியில் துர்க்கா அவருக்குப் பக்கத்தில் வந்து நடந்தாள். அவளாக வந்தாள்.

“உங்களுக்கு வந்த படத்திலை எத்தினை பேர் நிண்டது?”

“எந்தப் படம்?”

“எந்தப் படமோ? என்னை வேண்டாமெண்டு சொல்ல வைச்ச படம்.”

“ரெண்டு பேர்.”

“ஒன்பது பேர். நாங்கள் ஒன்பது பேர் நிண்டனாங்கள். அவன்ர மற்றக் கை ஒரு கொரியாப் பெட்டையின்ர தோளிலை. வெட்டித்தான் அனுப்பினவை. வெட்டினது ஆரெண்டு எனக்கு இண்டுவரைக்கும் தெரியாது. தேடவும் இல்லை.”

கனகசிங்கம் உறையை மற்றக் கமக்கட்டுக்கு மாற்றினார். பிறகு, “முழுப் படத்தை நீர் அப்பவே அனுப்பியிருக்கலாமே,” என்றார்.

“நான் ஏன் அனுப்பவேணும்?”

*

கிங்ஸ்டன் வீதியால் நகரத்துக்குள் போகும்போது வானுக்குள் பாட்டும் சத்தமுமாக இருந்தது. தியாகோ ஒரு சின்ன ஒலிபெருக்கியை வைத்திருந்தான். கனகசிங்கம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். துர்க்கா கூட்டச் சொன்னாள்.

“எனக்கு ரோட்டிலை கவனம் வைக்கேலாது.”

“பதினெட்டு வருசம் லிமோ ஓடினனான், பின்னுக்கு வெறியிலை பாடுவாங்கள், நான் அசையமாட்டன் எண்டு சொன்னது நீங்கள்தானே? எங்கட வீட்டுக் கதிரையிலை இருந்து?”

“அது காசு குடுத்து ஏறின ஆக்கள்.”

“இவையும் காசு குடுத்துத்தான் ஏறினவை.”

ஹருகா இவரையும் பின்னால் திரும்பித் துர்க்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். யோசித்து யோசித்து, மெதுவான ஆங்கிலத்தில், நீங்கள் இவருடைய மகளா என்று துர்க்காவிடம் கேட்டாள். தானும் தன் தகப்பனும் இப்படித்தான் கதைப்போம் என்றாள்.

“இல்லை. டிரைவர்,” என்றாள் துர்க்கா.

ஹருகா அவரிடம் மன்னிப்புக் கேட்டுக் குனிந்தாள். எழுத்து நடந்த நாளிலிருந்து எட்டு மாதம் துர்க்கா அவரை மாமா என்று கூப்பிட்டவள். இன்று காலையிலிருந்து அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. கனகசிங்கம் சமிக்ஞை விளக்கைப் பார்த்தார். பச்சை விழுந்து பின்னால் கோர்ண் அடித்த பிறகுதான் வானை எடுத்தார்.

*

நகரத்து நடுவில் நிற்கும் பெரிய கோபுரத்துக்குக் கிட்ட பிள்ளைகளை இறக்கினார். மேலே ஏறிப் பார்த்து, ஏரிக்கரையில் சாப்பிட்டு, மூன்றரைக்கு அதே இடத்துக்கு வரவேண்டும். துர்க்கா எல்லாருக்கும் சாண்ட்விச் பொதிகளைப் பிரித்துக் கொடுத்தாள். பெட்டியில் ஒன்று மிஞ்சியது. அதைத் தன்னுடைய பைக்குள் வைத்தாள். அவருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. தங்கேஸ்வரி கட்டித் தந்த பிட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் இருந்தன.

இரண்டு தெரு தள்ளி ஒரு தரிப்பிடத்தில் வானை விட்டுச் சாப்பிட்டார். கை துடைத்தார். உறை பக்கத்து இருக்கையில் கிடந்தது. அது ஒட்டப்படவில்லை, மடித்துச் செருகியிருந்தது. இரண்டு கிழமையாக அதைக் கொண்டு திரிகிறார், உள்ளே என்ன என்று பார்க்கவில்லை. மகனுடைய அலுவல், மிதுனன் எழுதியது, பார்க்க என்ன இருக்கிறது? இன்று இரண்டு மணித்தியாலம் சும்மா இருக்கவேண்டும். எடுத்துப் பார்த்தார்.

ஆங்கிலப் படிவம். லிமோ ஓடிய காலத்தில் எத்தனையோ படிவம் நிரப்பியவர், வாசிக்கத் தெரியும். பெயர்கள். பிறந்த திகதிகள். கலியாணம் செய்த திகதி, ஜூன் பதினான்கு. அதற்குக் கீழே, சேர்ந்து வாழத் தொடங்கிய திகதி. அங்கும் ஜூன் பதினான்கு என்று தட்டியிருந்தது. பிரிந்த திகதி, பெப்ரவரி மூன்று. அதற்கும் கீழே ஒரு சின்னச் சதுரம். ஒருபோதும் சேர்ந்து வாழவில்லை என்றால் அதில் அடையாளம் இடவேண்டும். அந்தச் சதுரம் வெறுமையாக இருந்தது.

திரும்பவும் மேலிருந்து வாசித்தார். கைபேசியை எடுத்து மகனுக்கு அடித்தார்.

“அப்பா? குடுத்தாச்சோ?”

“நீயும் அவளும் எங்கையடா சேந்து வாழ்ந்தனீங்கள்?”

“என்னது?”

“உதிலை போட்டிருக்கு. ஜூனிலையிருந்து பெப்ரவரி வரைக்கும் சேந்து வாழ்ந்ததெண்டு. எந்த வீட்டிலை?”

“ஓ, அதுவோ. அது மிதுனன் போட்டது அப்பா. அவர் எல்லாருக்கும் அப்பிடித்தான் போடுறவராம். சேந்து இருந்தது, பிரிஞ்சது எண்டு ரெண்டு டேட் இருந்தா ஒரு வருசம் முடிஞ்சது எண்டு ஈசியாக் காட்டலாம்.”

“கீழை ஒரு பெட்டி கிடக்கு. வாழேல்லை எண்டு.”

“அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ ஃபோர்ம். ஆர் உதை வாசிக்கப் போகினம்?”

“மாத்தேலாதோ?”

“மாத்தினா திரும்ப முதல்லையிருந்து தொடங்கவேணும். திரும்பக் குடுக்கவேணும். செப்டெம்பர் போயிடும். நிரோஷினியின்ர ஆக்களுக்கு என்ன சொல்லுறது? ப்ளீஸ் அப்பா. சும்மா கையிலை குடுத்திட்டு வாங்கோ.”

போன் நின்றது. கனகசிங்கம் தாள்களை மடித்து உறைக்குள் வைத்தார்.

எந்த வீட்டில் என்று அவர் கேட்டதற்கு மகன் பதில் சொல்லவில்லை. படிவத்தின்படி பார்த்தால் இருவரும் வாழ்ந்திருக்கக்கூடியது ஒரே வீட்டில்தான், மோர்னிங்சைட்டில் அவர் வாங்கிய வீட்டில். எழுத்துக்கும் ஜப்பானுக்கும் இடையில் துர்க்கா அந்த வீட்டுக்கு மூன்று தரம் வந்தாள். மூன்று தரமும் முன் அறையில் இருந்து தேத்தண்ணி குடித்தாள். இருட்டுப்படுமுன் பிள்ளையைக் கொண்டுபோய் விடுங்கோ, தாலி கட்ட முதல் இங்கே நின்றாள் என்று நாளைக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது என்று தங்கேஸ்வரி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று தரமும் காரில் கொண்டுபோய் யூனியன்வில்லில் விட்டது கனகசிங்கம்தான். மகன் கூடப் போகக்கூடாது என்பதும் தங்கேஸ்வரியின் கட்டளை.

இதெல்லாம் அவருக்கு எரிச்சலைத்தான் தந்தது. அவளும் ஒருநாள் இதை வாசிக்கப் போகிறாள் என்பது மேலும் எரிச்சல்.

*

மூன்றரைக்கு எல்லாரும் வந்தார்கள், தியாகோவைத் தவிர. ஹருகா மூன்று இருபதுக்கே வந்து நின்றாள். நாலு மணி வரையில் தியாகோ வரவில்லை. வீதியோரத்தில் வானை நிறுத்தி வைக்க விடமாட்டார்கள். கனகசிங்கம் இரண்டு தரம் கட்டடத்தைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்தார்.

“நேரம் தெரியாத பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்தா இப்பிடித்தான்,” என்றார். “ஒருத்தனைக் கவனிக்கத் தெரியேல்லை, பதினொரு பேருக்குப் பொறுப்பாம்.”

“உங்கட பிள்ளை நேரத்துக்கு வாறவரோ?”

“என்ர பிள்ளையின்ர கதை இப்ப ஏன்?”

“சும்மா கேட்டனான். எழுத்துக்கே முக்கால் மணித்தியாலம் பிந்தி வந்தவர். பதிவுக்காரர் எழும்பிப் போகப் பாத்தவர். மறந்திட்டியளோ?”

“நீர் அண்டைக்கே எழும்பிப் போயிருக்கலாம்.”

“ஓம்,” என்றாள் துர்க்கா. “போயிருக்கலாம்.”

தியாகோ ஓடிவந்தான். கையில் ஒரு தொப்பி. துர்க்கா அவனைத் தமிழில் ஏசத் தொடங்கி, நடுவில் ஆங்கிலத்துக்கு மாறினாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். வானுக்குள் எல்லாரும் கை தட்டினார்கள்.

திரும்பும் வழி முழுக்க நெரிசல். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தூங்கிப்போனார்கள். துர்க்கா பின் வரிசையில் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு இருந்தாள், தூங்கவில்லை. பின்கண்ணாடியில் ஒருமுறை இருவருடைய பார்வையும் சந்தித்தது. அவர் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டார்.

*

விடுதி வாசலில் பிள்ளைகள் இறங்கினார்கள். ஹருகா கடைசியாக இறங்கி, அவருக்கும் துர்க்காவுக்கும் தனித்தனியாகக் குனிந்துவிட்டுப் போனாள். கதவு மூடியது. துர்க்கா வானைச் சுற்றிவந்து அவருடைய பக்கத்துக் கண்ணாடியில் தட்டினாள். அவர் கண்ணாடியை இறக்கினார்.

அவள் கையை நீட்டினாள். “தாங்கோ.”

கனகசிங்கம் கதவுப் பையிலிருந்து உறையை எடுத்து மடியில் வைத்தார், நீட்டவில்லை.

“நாள் முழுக்க ஓடித்திரிஞ்சீர். இப்ப என்ன?”

“பிள்ளையளுக்கு முன்னாலை வாங்க விருப்பமில்லை. அவ்வளவுதான். தாங்கோ.”

“இதிலை என்ன கிடக்கெண்டு உமக்குத் தெரியுமோ?”

“உங்களுக்குத் தெரியுமோ?”

“மத்தியானம் வாசிச்சனான்.”

துர்க்கா கையை இறக்கினாள். “எனக்கு ஜனவரியிலையே தெரியும். சேந்து கையெழுத்து வைப்பம் எண்டு உங்கட மகன் ஈமெயிலிலை அனுப்பினவர். அந்த வரியைக் கண்டிட்டுத்தான் நான் வைக்கேல்லை. பிழை, மாத்துங்கோ, கீழை இருக்கிற பெட்டியிலை போடுங்கோ எண்டு நாலு தரம் எழுதினனான். மறுமொழி இல்லை. அதுக்குப் பிறகு வீட்டுக் கதவைத் தட்ட ஆள் விட்டவர்.”

“எனக்கு அவன் சொல்லேல்லை.”

“நீங்கள் கேட்டனீங்களோ?”

அவர் கேட்கவில்லைத்தான். கேட்காத கோபத்தோடு சொன்னார். “ஒரு வரி. ஆரும் பாக்கமாட்டினம். நீர் பேசாமல் விட்டீரெண்டா செப்டெம்பரோடை எல்லாம் முடிஞ்சிடும். உமக்கும் முடிஞ்சிடும்.”

“என்னை வேண்டாமெண்டு சொன்னது எனக்குப் பிரச்சினையில்லை. சந்தோசம். எட்டு மாசம் இருந்திட்டு வந்தவள் எண்டு கோட்டிலை ஒரு பேப்பர் என்ர பேரிலை கிடக்கக்கூடாது. இருந்தா இருந்தனெண்டு நானே சொல்லுவன், எனக்கு வெக்கமில்லை. நான் இருக்கேல்லை. ஒரு ராத்திரி உங்கட வீட்டிலை நிக்க விட்டனீங்களோ? மழை பெய்யேக்கை கூட அன்ரி விடேல்லை.”

“அது முறை.”

“அப்ப அந்த முறையையும் பேப்பரிலை போடுங்கோவன்.”

அவர் வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

“நான் உதுக்கு மறுமொழியாக் கோட்டிலை ஆன்சர் போடுவன். ஜட்ஜிட்டைச் சொல்லுவன். சாட்சி ஆரெண்டு கேட்டா உங்கட பேரைத்தான் குடுப்பன். நான் ஜப்பானுக்குப் போன அண்டைக்கு, செப்டெம்பர் அஞ்சாம் திகதி, எங்கட வீட்டுப் படியிலையிருந்து என்ர ரெண்டு சூட்கேசையும் தூக்கிக் காருக்குள்ளை வைச்சது ஆர்? அப்பா தூக்க வந்தவர், நீங்கள் விடேல்லை. எயார்போட்டுக்குக் கொண்டுபோனது ஆர்? உங்கட வீட்டிலை வாழ்ந்த பெட்டையை ஏன் யூனியன்வில்லுக்கு வந்து ஏத்தினனீங்கள்?”

விடுதியின் கண்ணாடிக் கதவுக்குள் இரண்டு பிள்ளைகள் நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏத்தினனான்,” என்றார் கனகசிங்கம்.

“எண்டா வந்து சொல்லுங்கோ.”

எட்டிக் கையை விட்டு, அவர் மடியில் இருந்த உறையை எடுத்தாள். அவர் பிடித்திருக்கவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. கைபேசியில் நேரம் பார்த்தாள்.

“ஆறு பன்ரெண்டு. எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ, எத்தினை மணிக்குக் குடுத்தனீங்கள் எண்டு கேப்பினம். பிறகு பிழையாச் சொல்லிப்போடுவியள்.” இரண்டடி போய்த் திரும்பினாள். “உங்கட கொம்பனிக்கும் நான் எழுதுவன். சொந்தப் பிரச்சினையை வேலைக்கை கொண்டுவந்த டிரைவர் எண்டு. ஒளிச்சு எழுதமாட்டன், உங்கட பேர் போட்டே எழுதுவன்.”

“எழுதும்,” என்றார்.

அவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். அவர் வானை எடுத்தார்.

*

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணிக்குக் கனகசிங்கம் மிதுனனுடைய அலுவலகத்துக்குப் போனார். அது ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. மிதுனன் எங்கே, எத்தனை மணிக்கு, எப்படிக் கொடுத்தது என்று கேட்டான். விடுதி வாசலில், ஆறு பன்னிரண்டுக்கு, கையில் என்றார். மிதுனன் தட்டிச் சத்தியக் கடதாசியை அச்செடுத்து முன்னால் வைத்தான். கனகசிங்கம் கையெழுத்து வைக்கவில்லை. விண்ணப்பத்தைத் திருத்தி, கீழே இருக்கும் சதுரத்தில் அடையாளம் இடச் சொன்னார். அப்படிச் செய்தால் டிலக்சன் புதிதாகக் கையெழுத்து வைக்கவேண்டும், திரும்பவும் கொடுக்கவேண்டும், செப்டெம்பருக்குச் சரிவராது என்று மிதுனன் விளங்கப்படுத்தினான். விளங்குகிறது என்றார். மிதுனன் டிலக்சனுக்குப் போன் எடுத்தான். பிறகு புதுப் படிவத்தை அச்செடுத்துக் கொடுத்தான்.

வீட்டில் தங்கேஸ்வரியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்தினாள்.

மூன்று மணிக்கு டிலக்சன் வந்தான். நின்றபடியே படிவத்தை வாசித்தான். பழையதற்குக் கையெழுத்து வைப்பீர்களா மாட்டீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டான். மாட்டேன் என்றார். நீங்கள் யாருக்கு அப்பா என்று கேட்டான். அவர் பேனையை அவன் பக்கம் தள்ளினார். டிலக்சன் பேனையை எடுக்காமல் போய்விட்டான்.

ஐந்து மணிக்குச் சண்முகநாதன் அவருக்குப் போன் எடுத்தார். கல்லூரியிலிருந்து முறைப்பாடு வந்திருக்கிறது, இனிக் கல்லூரிப் பயணங்களை ஜதுர்சன் பார்ப்பான், திங்கட்கிழமை காலை நாலரைக்கு விமான நிலையத்துக்கு ஒரு குடும்பம் இருக்கிறது என்றார். விலாசத்தை எழுதிக்கொண்டு கனகசிங்கம் சரி என்றார். பிறகு வெளியே போய் வானின் இருக்கைகளைத் துடைத்தார்.